இயக்கிப் பார்த்தவர்

மே 9

கையேட்டுப் பொறுப்பில் இருக்கும் ஐயாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் மகளைத் தெரிந்திருக்கும். உங்கள் தேடல் மென்பொருளின் தமிழ்க் கையேட்டில் தப்பு கண்டுபிடித்துத் தப்பு கண்டுபிடித்து எழுதிக்கொண்டே இருப்பாளே, குடைச்சல் என்ற பெயரில், அவளுடைய அம்மா நான். போன மாதம் அவள் இறந்துவிட்டாள். ரத்தத்தில் வந்த நோய்.

இதை அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு விரலால் தட்டுகிறேன். நான் அதிகம் படிக்கவில்லை. ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை எனக்கு. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் இருந்திருந்தால் பொறுத்திருக்க மாட்டாள்.

குடைச்சல் என்பது நான் வைத்த பெயர்தான். சின்னப் பிள்ளையில் ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் போட்டிருக்கிறபடி மாட்டினால் பொம்மைக்குக் கை முதுகில் வருகிறது என்று கடைக்காரரிடமே போய் நின்றாள். அவர் கும்பிட்டு வேறு பொம்மை கொடுத்து அனுப்பினார். "ஏண்டி இப்படி உயிரை வாங்குற, குடைச்சல்!" என்றேன். அன்றிலிருந்து அதுதான். வளர்ந்து வேலைக்குப் போனாள். போனில் புகார் கேட்கிற வேலை. "எவனோ தப்பா எழுதி வச்சதுக்கு நாள் பூரா நான் திட்டு வாங்கறேம்மா" என்பாள். வீட்டுக்கு வந்தால் உங்கள் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

என்னையும் விட மாட்டாள்.

"அம்மா, வா, உக்காரு. இதுல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய். யோசிக்காதே."

"எனக்கு இதெல்லாம் என்னடி தெரியும்?"

"தெரியாததுதாம்மா வேணும். தெரிஞ்சவங்க எழுதாததையும் சேர்த்துப் படிச்சிடுவாங்க."

நான் எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பேன். இங்கிலீஷ் கட்டளைகளைப் படம் பார்த்து வரைவது போலத் தட்டுவேன். எந்த இடத்தில் எனக்குக் கை நிற்கிறதோ அங்கே கையேடு தப்பு. என் மேல் ஒரு நாளும் தப்பு சொன்னதில்லை.

உங்கள் மென்பொருள் எல்லாத் தாள்களையும் முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளும், கேட்கும்போது அதைப் பார்த்துத்தான் பதில் சொல்லும் என்று அவள் விளக்கியிருக்கிறாள். அதைச் சோதித்துப் பார்க்கத் தாள்கள் வேண்டுமே. வேறு எதுவும் கிடைக்காமல், நான் வீட்டில் பேசுகிறதையும் திட்டுகிறதையும் தட்டித் தட்டிச் சேர்த்து வைத்தாள். சோம்பேறி என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே போனிலிருந்து உங்களுக்கு ஒரு திருத்தம் அனுப்பினாள். "பதில் வந்துச்சாம்மா?" என்று தினமும் கேட்டாள். போனைத் தூக்கிப் பார்க்கக் கையில் தெம்பில்லாதபோது நான் பார்த்துச் சொன்னேன். வரவேயில்லை. குறை சொல்ல இதை எழுதவில்லை. இல்லை, குறை சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றதுக்கெல்லாம் உடனே பதில் போடுவீர்களே, இதற்கு ஒரு வரி போட்டிருக்கலாம்.

அவளுடைய கடைசித் திருத்தத்தை ஏற்றுக்கொண்டீர்களா இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா


மே 11

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் மகள் அனுப்பிய பழைய திருத்தங்களையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாங்கள் யாரும் உங்கள் மகளைப் பார்த்ததில்லை. குரல் கேட்டதில்லை. எழுதுகிற தோரணையைப் பார்த்து, ஓய்வு பெற்ற யாரோ ஒரு கண்டிப்பான பெரியவர் என்று நான் நினைத்திருந்தேன். சில பதில்களில் "ஐயா" என்றுகூட எழுதியிருக்கிறேன். அவர் திருத்தவில்லை. அந்த ஒரு பிழையை மட்டும் விட்டுவைத்தார்.

நான் பகலில் ஒரு பல் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். கையேடு சம்பளமில்லாத வேலை. நூலகங்கள், மருத்துவமனைகளின் ஆவண அறைகள், சின்னச் சின்ன அலுவலகங்கள் என்று பலர் இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கையேட்டைப் பார்த்துத்தான் அமைத்துக்கொள்கிறார்கள்.

அதில் உங்கள் மகள் கண்டுபிடித்தவை எல்லாம் சிறிய பிழைகள். "கோப்புகளை அந்த உறைக்குள் போடவும்" என்று எழுதியிருந்தோம். அப்படியொரு உறையை, அதாவது ஃபோல்டரை, உருவாக்கச் சொல்லவே இல்லை. பல ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு பக்கத்தில் "சிறிது நேரம் காத்திருக்கவும்" என்று இருந்தது. அதற்கு அவர் எழுதியது: "சிறிது நேரம் என்றால் டீ குடிக்கவா, குளித்துவிட்டு வரவா? முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?" இப்போது அந்த இடத்தில், வேலை முடிந்ததும் திரையில் என்ன வரும் என்று எழுதியிருக்கிறது. அதன் பிறகு அந்தக் கேள்வியோடு எங்களிடம் யாரும் வரவில்லை.

ஒரு பக்கத்தைப் பற்றி, "இதை எழுதியவர் தன் வீட்டுக்கு வழி சொன்னால் விருந்தாளி பக்கத்து வீட்டில்தான் சாப்பிடுவார்" என்று குறிப்பு அனுப்பினார். அதை எழுதியவன் நான். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "யாருங்க இது, உங்களை நல்லாத் தெரிஞ்சவங்களா இருக்காங்களே?" என்றாள். அந்தப் பக்கத்தை முழுக்க மாற்றி எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் இன்று அதுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஏற்றுக்கொண்டேன். அட்டவணையைப் புதுப்பிக்கும் பக்கம் அது. முதலில் தேடலை நிறுத்தவும் என்று சொல்லும் படியை அவர் நீக்கியிருந்தார். அப்படியே சேர்த்துவிட்டேன். பக்கத்தின் அடியில் அவருடைய பெயர் இருக்கிறது. சில காரணங்களால் அது தள்ளிப்போய்விட்டது. ஒரு வரி எழுதியிருக்கலாம் என்கிறீர்கள். எழுதியிருக்க வேண்டும்.

கையேட்டுப் பொறுப்பாளன்


மே 19

தம்பிக்கு,

உங்கள் வீட்டுக்காரம்மா சொன்னதைப் படித்த பிறகு ஐயா என்று எழுத வரவில்லை. அதனால் தம்பி.

உங்கள் கடிதத்தைப் போனில் வைத்துக்கொண்டு வேலை செய்கிற இடத்தில் எல்லாருக்கும் காட்டினேன். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையில் நான், மறுமுனையில் என்னைவிட இளையவள் ஒருத்தி. வாய்க்காரி. "ஏக்கா, உன் பொண்ணு பேரு புஸ்தகத்துல வந்திருக்காமே! நம்ம பேரு சம்பள அட்டையை விட்டா வேற எங்க இருக்கு? அதுலயும் என் வயசைக் கூட்டிப் போட்டு வச்சிருக்கானுங்க" என்றாள். என் மகள் இறந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு, சிரித்துவிட்டோமே என்று இருந்தது.

லீவு நாளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் திருத்திய பக்கத்தைத் திறந்தேன். அடியில் குடைச்சல் என்று இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், கண்ணாடிதான்.

சும்மா பார்ப்பானேன், செய்துதான் பார்ப்போமே என்று தோன்றியது. முன்பு மாதிரியே உரக்கப் படித்து ஒவ்வொரு படியாகச் செய்தேன். கடைசிப் படியும் முடிந்தது. சோம்பேறி என்று தேடினேன்.

எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.

வேறு சொல் போட்டேன். சாப்பிட்டியா என்று போட்டேன். நான் அதைக் கேட்காத நாள் உண்டா? அதுவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து செய்தேன். இல்லை. என் பேச்சை அவள் தன் கையால் தட்டி வைத்ததெல்லாம் போய்விட்டதா? நான் தொட்டு அழித்துவிட்டேனா?

எனக்குக் கை நின்றால் கையேடுதான் தப்பு என்பாள். ஆனால் இந்தப் பக்கம் அவளே திருத்தினது. அப்படியானால் நான்தான் எங்கோ தப்பாகச் செய்திருக்கிறேன். எங்கே என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன்.

அவளுடைய அம்மா


மே 20

அம்மாவுக்கு,

முதலில் பயப்படாதீர்கள். எதுவும் போகவில்லை. உங்கள் மகள் தட்டி வைத்த தாள்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் குறித்து வைத்திருக்கும் அட்டவணை மட்டும்தான் காலியாகிவிட்டது. மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தோடு படிகளைத் தனியாக இணைத்திருக்கிறேன். எழுதியிருக்கிறபடி செய்யுங்கள், எல்லாம் திரும்பி வந்துவிடும். கையேட்டில் இருப்பதை இப்போதைக்குப் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளின் பதிப்பு கொஞ்சம் வேறாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை.

கையேட்டுப் பொறுப்பாளன்


மே 24

தம்பிக்கு,

வந்துவிட்டது. சோம்பேறி வந்துவிட்டது, சாப்பிட்டியாவும் வந்துவிட்டது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

ஆனால் நான் ஒன்று செய்தேன். நீங்கள் அனுப்பிய படிகளையும் கையேட்டுப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான். உங்களுடையதில் ஒரே ஒரு வரிதான் கூடுதல். முதலில் தேடலை நிறுத்தவும் என்ற வரி. அவள் எடுத்த வரி.

பதிப்பு வேறாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளும் இந்தக் கம்ப்யூட்டரில்தானே எல்லாம் செய்தாள்?

நேராகவே கேட்கிறேன். என் மகளுடைய திருத்தம் தப்பா? என் மனசு நோகும் என்று சுற்றி வளைத்துச் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் சுற்றி வளைத்துத்தான் சொன்னார்கள்.

அவளுடைய அம்மா


மே 27

அம்மாவுக்கு,

தப்பு. 

உங்கள் மே 19 கடிதம் வந்த அன்றே நான் செய்து பார்த்துவிட்டேன். நிறுத்தாமல் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் தேடல் பழைய அட்டவணையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, புதியது காலியாக நின்றுவிடுகிறது. புதிய பதிப்பில் நிறுத்த வேண்டியதில்லை என்று ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் உங்கள் மகள் அந்த வரியை எடுத்திருக்க வேண்டும். ஆனால் அது பல கம்ப்யூட்டர்களில் சேர்ந்து ஓடும் பெரிய அமைப்புகளுக்கு மட்டும். கைவசம் கம்ப்யூட்டர் இருந்திருந்தால் அவர் உடனே கண்டுபிடித்திருப்பார்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. எவ்வளவு சின்னத் திருத்தமாக இருந்தாலும், எழுதியவரைத் தவிர இன்னொருவர் அதை எழுதியபடி செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் "இயக்கிப் பார்த்தவர்" என்று ஓர் இடம் இருக்கும். குடைச்சல் அனுப்பிய எல்லாத் திருத்தங்களிலும் அந்த இடத்தில் ஒரே பெயர்தான்: அம்மா. அது அவருடைய சக ஊழியர் யாருடைய பட்டப்பெயரோ என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். "அம்மா பார்த்தாச்சா? அப்படின்னா கண்ணை மூடிட்டுச் சேர்த்துடலாம்" என்பது எங்கள் குழுவில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அது நிஜமாகவே அம்மா என்று உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது.

கடைசித் திருத்தத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. அதனால்தான் நிறுத்தி வைத்தேன். நானே செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன், வேலையில் தள்ளிப்போனது. பிறகு உங்கள் கடிதம் வந்தது. செய்து பார்க்காமலேயே சேர்த்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பக்கத்துக்கு அதிகம் பேர் வருவதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, அடியில் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை சேர்த்துவிடலாம். அவருடைய கடைசித் திருத்தம் அது. அதை நீக்க எனக்குக் கை வரவில்லை. உங்கள் சம்மதம் இருந்தால் இருக்கட்டும்.

கையேட்டுப் பொறுப்பாளன்


மே 28

தம்பி,

எடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். பிறகு கோபம் வந்தது. வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சின்ன எழுத்தில் எச்சரிக்கையா? சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள் என்று உங்களோடு அவள் போட்ட சண்டையெல்லாம் எனக்குத் தெரியும். உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவாள்.

அதிகம் பேர் வருவதில்லை என்கிறீர்கள். வருகிற ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். உங்கள் பல் ஆஸ்பத்திரி மாதிரி ஓர் இடத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே நோயாளி நின்றுகொண்டிருப்பார். எழுதியிருக்கிறபடியே எல்லாம் செய்துவிட்டுத் தேடுவாள். எதுவும் கிடைக்கவில்லை என்று வரும். நாம்தான் அழித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். நான் நினைக்கவில்லையா? அந்த மாதிரி ஒருத்தி பயப்படக் கூடாது என்றுதானே இவள் இத்தனை காலம் உட்கார்ந்து உட்கார்ந்து குடைந்தாள்? இப்போது அந்தப் பயத்தைக் கொடுக்கிறது யார்? அடியில் பெயர் போட்டிருக்கிறதே.

அன்றைக்கு நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தால், "ஒண்ணு அனுப்பிட்டேம்மா" என்றாள்.

"என்னைக் கேக்காமயா?"

"நீ வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் தொறந்து, செஞ்சு பார்த்துட்டு வரணும். அதுக்குள்ள... விடும்மா. நல்லாத்தான் இருக்கு."

அவள் அப்படி விட்ட ஆள் இல்லை. நிறுத்தவும் என்று இருந்த வரியை ஏன் எடுத்தாள் என்று எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. எல்லாம் நிற்கப்போகிறது என்று தெரிந்து படுத்திருந்தவள் அவள். எடுத்துவிட்டுப் போகட்டும். ஆனால் கையேட்டில் அது இருக்கக் கூடாது.

அவள் செத்துப்போனதால் அவள் சொன்னது சரியாகிவிடுமா தம்பி? உயிரோடு இருந்தவரைக்கும் நீங்கள் அவளிடம் இரக்கம் காட்டியதே இல்லை. சரியென்றால் சரி, தப்பென்றால் தப்பு. அதுதான் அவளுக்கு உங்களிடம் பிடித்திருந்தது. "அந்தக் கையேட்டுக்காரர் லேசுல மசிய மாட்டாரும்மா" என்று பெருமையாகச் சொல்வாள், ஏதோ சொந்தக்காரரைச் சொல்கிற மாதிரி. அந்த ஆளாகவே இருங்கள்.

அவளுடைய அம்மா


மே 31

அம்மாவுக்கு,

எடுத்துவிட்டேன். தேடலை நிறுத்தச் சொல்லும் வரி மறுபடி பக்கத்தில் இருக்கிறது. இந்த முறை குழுவில் இன்னும் ஒருவரையும் செய்து பார்க்கச் சொன்னேன்.

உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "நீங்க அந்தம்மாகிட்ட வேலை கத்துக்கலாம்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உங்கள் மகளை நாங்கள் எல்லாரும் வியந்திருக்கிறோம். அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

பக்கத்தின் அடியில் பிழை கண்டுபிடித்தவர் பெயரை எழுத வேண்டும். "குடைச்சலின் அம்மா" என்று எழுதினேன். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மன்னிக்க வேண்டும். ஒரு திருத்தம் விலக்கப்பட்டால், அதை அனுப்பியவருக்குத் தானாகவே ஒரு செய்தி போய்விடும். அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. உங்கள் மகளின் போனுக்கு வந்திருக்கும். நீங்கள் பார்க்க நேர்ந்திருந்தால் வருத்தப்படாதீர்கள்.

கையேட்டுப் பொறுப்பாளன்


ஜூன் 2

தம்பிக்கு,

பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்த்துவிட்டேன். எங்கும் கை நிற்கவில்லை. சரியாக வருகிறது.

அவளுடைய போனைச் சார்ஜ் போட்டு நான்தான் வைத்திருக்கிறேன். வேலைக்கும் எடுத்துப் போகிறேன். விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது மடியில் அதிர்ந்தது. ஒரு கையால் முனையைப் பிடித்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். "உங்கள் திருத்தம் விலக்கப்பட்டது. காரணம்: எழுதியபடி செய்து பார்த்தபோது தேடல் எதையும் காட்டவில்லை."

வருத்தப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று தெரியாது. இந்த மாதிரிச் செய்தி அவளுக்கு ஆரம்பத்தில் சில தடவை வந்திருக்கிறது. முதல் தடவை வந்தபோது முகம் வாடுவாள் என்று நினைத்து, நான் காப்பி கலக்கக்கூட எழுந்துவிட்டேன். அவளோ கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, இங்க பாரேன்! யாரோ ஒருத்தங்க உக்காந்து நிஜமாவே செஞ்சு பார்த்திருக்காங்க!" என்றாள். ஏற்றுக்கொண்டோம் என்று செய்தி வந்த நாளில்கூட அவள் அப்படிக் குதித்ததில்லை.

அதனால் போனைப் பார்த்து, "நான்தாண்டி" என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"என்னக்கா?" என்றாள் மறுமுனையில் இருந்தவள்.

"ஒண்ணுமில்ல. நல்லா இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது" என்றேன்.

அம்மா